கதவுக்கும் ஒரு கான் உண்டு

எங்கள் காரின் முன்பக்க இடது கதவில் இருக்கும் சென்டர் லாக் மோட்டாரை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. முதல் முறை கீழே சமவெளியில் ஒரு கடையில் முக்கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை நானும் அப்பாவும் வீட்டு வாசலில் வைத்து மாற்றினோம். காலை பதினொரு மணிக்குத் தொடங்கிய வேலை விளக்கு போடும் நேரத்தில்தான் முடிந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதில் உபயோகமான விஷயம் இருக்கிறது.

நாங்கள் இருப்பது கோத்தகிரிக்குப் பக்கத்தில். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1964ஆம் வருடத்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்கள் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. வந்தபோது அப்பாவுக்கு மீசை முளைக்கும் வயது. அப்போது தொழிற்சாலைக்குள் போனவர்தான். ரோலர், சி.டி.சி. மெஷின், ட்ரையர் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டத் தெரியும். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் மெஷின் நின்றுவிட்டால் நடுராத்திரியிலும் ஆள் வந்து கதவைத் தட்டும். அப்பா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு கிளம்பிப் போவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

நான்கு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை நடுங்கும், உடம்பு விறைத்துக்கொள்ளும், நடை சின்னதாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கோவைக்கு டாக்டரிடம் போக வேண்டும். பஸ்ஸில் அவரால் ஏறி இறங்க முடியவில்லை என்பதால்தான் கடன் போட்டு இந்தக் காரை வாங்கினேன். 2011ஆம் வருட மாடல், சின்ன ஹேட்ச்பேக், எனக்கு முன்னால் இரண்டு கை மாறியது. அதிலேயே விலை குறைந்த ரகம் என்பதால் கம்பெனியிலிருந்து வரும்போது சென்டர் லாக் கிடையாது. முதலில் வைத்திருந்தவர் வெளியே கடையில் மாட்டியிருக்கிறார். அந்தக் காலத்து சின்னக் கார்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும்.

இந்த சென்டர் லாக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான்கு கதவுக்கும் ஒவ்வொரு மோட்டார். டிரைவர் கதவு மோட்டாரில் ஐந்து வயர் இருக்கும், ஏனென்றால் அதற்குள் ஒரு சுவிட்சும் சேர்ந்திருக்கிறது. டிரைவர் கதவின் மேலே நிற்கும் பூட்டுக் குமிழை அமுக்கினாரா தூக்கினாரா என்று டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கு அதுதான் சொல்கிறது. மற்ற கதவுகளில் இரண்டே வயர். பெட்டி அந்த இரண்டு வயரிலும் ஒரு விநாடிகூட இல்லாத நேரத்துக்கு 12 வோல்ட் அனுப்பும். பிளஸ்ஸும் மைனஸும் ஒரு மாதிரி வந்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், மாறி வந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு டி.சி. மோட்டார், பிளாஸ்டிக் பல் சக்கரங்கள், அவை தள்ளி இழுக்கும் ஒரு தண்டு. தண்டு ஓடும் தூரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அதிலிருந்து ஒரு கம்பி போய், குமிழுக்கும் லாக்குக்கும் நடுவில் இருக்கிற ராடை கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கும். நம் விரல் குமிழை அமுக்குவதற்குப் பதிலாக அந்த மோட்டார் ராடை இழுக்கிறது.

முதல் முறை அது நின்றது ஒரு டிசம்பரில். காலையில் பூட்டாது. மதியம் வெயில் வந்த பிறகு பூட்டும். சாயங்காலம் மிஸ்ட் இறங்கினால் மறுபடி பூட்டாது. ஜனவரியில் டாக்டரைப் பார்க்கப் போனபோது அங்கேயே ஒரு கடையில் காட்டினேன். கீழே வெயில் கொளுத்தியது, மோட்டார் ஒழுங்காக வேலை செய்தது. இருந்தாலும் நான் சொன்னதை நம்பி, புது மோட்டார் போட்டுக் கொடுத்தார்கள். நானும் அப்பாவும் பக்கத்தில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. கதவு நன்றாகவே பூட்டியது. அதைப் பற்றி நான் மறந்தும் போனேன்.

அந்த மறதிதான் டிசம்பரில் வேறு மாதிரி வந்து நின்றது. காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்கிவிட வேண்டும். குஞ்சப்பனை வருவதற்கு முன்னால், வலது பக்கமாக மடங்கும் ஒரு வளைவு. வலது பக்கம் திருப்பினால் உடம்பு இடது கதவு மேல் சாயும். அப்பா பிடிமானத்துக்காகக் கையை நீட்டினார். அவர் பிடித்தது கதவைத் திறக்கும் உள் கைப்பிடியை. கை விறைத்திருந்ததால் பிடித்ததை விடவும் முடியவில்லை. கதவு திறந்துகொண்டது.

சீட் பெல்ட் போட்டிருந்தார். ஒரு சாண் திறந்த கதவு காற்றில் ஆடியது, ரோட்டின் சத்தம் சட்டென்று உள்ளே வந்தது, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி ஓடிப் போய் கதவை மூடினேன். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா கண்ணாடியை இறக்கி, "ஒண்ணும் ஆகலம்மா. நான் புடிச்ச இடம்தான் தப்பு" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் காரில் கதவு பூட்டியிருந்தால் உள் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. கிளம்பும்போது நான் பூட்டினேன், டக்கென்று சத்தமும் கேட்டது. கேட்டது மூன்று கதவின் சத்தம். நான்கும் ஒரே நேரத்தில் அடிக்கிற அந்தச் சத்தத்தில் ஒன்று குறைந்தால் காதுக்குத் தெரிவதில்லை. குமிழைக் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மோட்டார் செத்தாலும் குமிழை விரலால் அமுக்கினால் அந்தக் கதவு பூட்டத்தான் செய்யும். பின் கதவுகளில் சைல்ட் லாக் இருக்கிறது, முன் கதவில் அதுவும் கிடையாது. அன்றைக்கு மீதி தூரம் முழுவதும் குமிழைக் கையால் அமுக்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.

கதவு மூடும்போது பிடித்துக்கொள்ளும் லாக்கில் இரண்டு நிலை உண்டு. முழுதாக மூடினால் இரண்டாவது பல்லில் போய் உட்காரும். சரியாக மூடாவிட்டால் முதல் பல்லாவது பிடித்துக்கொள்ளும், கதவு ஆடும், ஆனால் திறக்காது. இந்தப் பாதுகாப்பு கதவு தானாகத் திறந்துவிடாமல் இருக்கத்தான். கைப்பிடியை இழுத்துவிட்டால் இரண்டு பல்லும் விட்டுவிடும். அந்த இழுப்பு லாக்கைப் போய்ச் சேராமல் தடுப்பது பூட்டு ஒன்றுதான். இதெல்லாம் அப்பா அன்றைக்கு டாக்டருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டியது. நோய் வந்த பிறகு அவர் எழுத்து சின்னச் சின்னதாகிவிட்டது, படமும் கடுகு மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒரு கோடு தப்பவில்லை.

திரும்பி வரும்போது நான், "போன தடவை மாத்துன கடையிலேயே கேக்கலாமாப்பா?" என்றேன். "கேக்கலாம். அவங்களும் இன்னொரு மோட்டார் போடுவாங்க. பத்து மாசம் ஓடும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "புது மோட்டாரு ஏம்மா பத்து மாசத்துல நிக்கணும்? அதைப் பாக்கணும்ல?" என்றார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டுப்போன பாகத்தை மாற்றினால் ரிப்பேர் முடிந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

கோத்தகிரி பஜாரில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணா இருக்கிறார். அவரிடம் சொன்னதும் கோவையில் தெரிந்த கடைக்கு போன் போட்டு, மறுநாளே பஸ்ஸில் பார்சலாக மோட்டாரை வரவழைத்துவிட்டார். இரண்டு வயர் மோட்டார், சில நூறு ரூபாய்தான். "நானே மாட்டித் தரேங்க டீச்சர்" என்றார். அப்பா வீட்டில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் தன்னுடைய டெஸ்ட் லைட்டையும், கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றுகிற பிளாஸ்டிக் நெம்புகோலையும் எடுத்துக் கொடுத்தார். "அப்பாகிட்ட சொல்லுங்க, வெயில் ஏறட்டும், அப்புறம் கிளிப்புல கை வைங்க. காலையில நெம்புனா எல்லாம் உடைஞ்சிரும்" என்றார். இது மலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். குளிரில் பிளாஸ்டிக் முறுகிப்போய் இருக்கும். பதினொரு மணிக்கு நாங்கள் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை அப்பா காலை ஏழு மணிக்கே செய்யச் சொன்னார். பழுது காலையில்தானே வருகிறது, அதை அப்போதே பிடிக்க வேண்டும். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் வயர் போகும் ரப்பர் குழாய் இருக்கிறது அல்லவா, கதவைத் திறந்து மூடி திறந்து மூடி அதற்குள் வயர் ஒடிந்துபோவது உண்டு. அப்படி ஒடிந்திருந்தால் மோட்டாரை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. டோர் பேடின் கீழ் மூலையில் இரண்டு கிளிப்பை மட்டும் மெதுவாக விடுவித்து, கையை உள்ளே விட்டு, மோட்டாரின் வயர் ஜாயிண்டைப் பிரித்தேன். கன்ட்ரோல் பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயருக்கும் நடுவில் டெஸ்ட் லைட்டை மாட்டினேன். டிரைவர் குமிழை அமுக்கினால் லைட் ஒரு முறை மின்னியது, தூக்கினால் இன்னொரு முறை மின்னியது. டெஸ்ட் லைட்டுக்கு பிளஸ் மைனஸ் கவலை இல்லை, எப்படி வந்தாலும் எரியும். கதவைப் பாதி திறந்து, முழுதாகத் திறந்து, ஆட்டிக்கொண்டே பத்துப் பதினைந்து முறை பார்த்தோம். ஒரு முறைகூடத் தவறவில்லை. அப்படியானால் கரண்ட் வருகிறது, வயர் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் நின்றிருக்கிறது. மோட்டாரின் வயர் முனைகளை பேட்டரியிலிருந்து இழுத்த வயரில் ஒரு தொடு தொட்டு எடுத்தோம். மோட்டார் முனகியது, தண்டு அசையவில்லை. தொட்டபடியே வைத்திருக்கக் கூடாது. கண நேரத்துக்கு ஓடுவதற்கென்று செய்த மோட்டார், பிடித்து வைத்தால் சூடாகிக் கருகிவிடும்.

பதினொரு மணிக்கு நல்ல வெயில். பேட்டரியின் மைனஸ் டெர்மினலை 10ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கி வைத்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் மப்ளரோடு உட்கார்ந்துகொண்டார். உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கதவை இழுத்து மூடுகிற பிடியில் இரண்டு, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில் ஒரு வளையக் கிளிப். அந்த வளையத்தை எடுக்க அப்பா ஒரு பழைய பருத்தித் துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கச் சொன்னார். கிளிப் துள்ளி வெளியே விழுந்தது. அப்புறம் ஓரங்களை நெம்பி, பேடை மேல்பக்கமாகத் தூக்கி எடுத்தேன். ஒரு கிளிப்தான் உடைந்தது.

பேட் வந்ததும் ஒரு வாடை அடித்தது. மூடி வைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பேடுக்குப் பின்னால் கதவின் தகட்டை மூடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும். அது பாதி கிழிந்து, கீழ்ப்பாதி செல்லோ டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பும் ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. அப்பா டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். ஒன்று சொல்ல வேண்டும். மடியில் சும்மா இருக்கும்போது நடுங்குகிற அந்தக் கை, டார்ச்சைப் பிடித்ததும் நின்றுவிட்டது. வேலையில் இருக்கும் கையில் நடுக்கம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்த நோயின் இயல்பு அது. ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கதவுக்குள் அடியில் கறுப்பாக என்னவோ மின்னியது. "தண்ணி நிக்குதும்மா" என்றார்.

உண்மையிலேயே தண்ணீர். கதவின் அடிப்பகுதியில், தகட்டின் மடிப்புக்குள், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு. அதில் சைப்ரஸ் இலைகள் ஊறிக் கூழாகிக் கிடந்தன. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சைப்ரஸ் மரத்தடியில்தான் மூன்று வருடமாகக் காரை நிறுத்துகிறோம்.

காரின் கதவுக்குள் தண்ணீர் போகும் என்பதே எனக்குப் புதிது. கண்ணாடி மேலும் கீழும் ஓட வேண்டும் என்பதால் அங்கே முழுதாக அடைக்க முடியாது. வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பீடிங் கண்ணாடியை வழித்துக்கொண்டு நிற்கும், அதையும் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். காரைச் செய்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கதவின் அடியில் வடிவதற்கு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஷீட், தண்ணீர் பேடுக்கும் தரை கார்ப்பெட்டுக்கும் வராமல் தடுத்து, அந்த ஓட்டைப் பக்கமே திருப்பி விடுகிறது. அதாவது கதவின் உட்புறம் நனையும் இடம்தான். நனைந்தது வடிந்து காய்ந்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. எங்கள் கதவில் மூன்று ஓட்டையும் அடைத்திருந்தன. பீடிங் வெயிலில் வெடித்துப்போய் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலும் நவம்பரிலும் உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை.

"இதுக்கும் கான் இருக்கும்மா. கானு அடைச்சிருச்சு" என்றார் அப்பா.

எஸ்டேட்டில் பிறக்காதவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். தேயிலைக்கு நடுவில் மழைத் தண்ணீர் வடிவதற்கு வெட்டுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். சரிவில் செடி நிற்பதும், மண் நிற்பதும், அதற்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகள் நிற்பதும் கானை நம்பித்தான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வாரம் அப்பா மண்வெட்டியோடு போய் எங்கள் லைனுக்கு மேலே இருந்த கானை நாள் முழுக்கத் திறந்துகொண்டிருந்தார். இன்றைக்கும் மழை வருகிற மாதிரி இருந்தால் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, எங்காவது இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சின்ன நடைதான், ஆனாலும் போவார்.

ஓட்டைகளைக் குடைக்கம்பியால் குத்தித் திறந்தேன். முதலில் கூழ் வந்தது, பிறகு தண்ணீர் சரசரவென்று வாசலில் ஓடியது. அப்பா அது ஓடி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் மோட்டார். ஜனவரியில் மாட்டியது. மேலே தண்டு வெளியே வரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். தண்டோடு சேர்ந்து நீண்டு சுருங்கும், தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். அது ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மோட்டாரைச் சாய்வாக மாட்டியிருந்ததால் கம்பி நேராக ஓடாமல் உரசி உரசிக் கிழித்திருக்கிறது. வயர் ஜாயிண்ட் இன்னும் மோசம். இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி, மோட்டாருக்கு மேலே தொங்க விட்டிருந்தார்கள். மேலிருந்து இறங்குகிற தண்ணீர் வயர் வழியே வழுக்கிக்கொண்டு நேராக மோட்டாருக்குள் போகும். வீட்டுக்குக் கரண்ட் இழுக்கும்போது சுவருக்குள் நுழைவதற்கு முன்னால் வயரை ஒரு வளைவு கீழே தாழ விட்டு மேலே கொண்டுபோவார்கள், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. அதைத்தான் இங்கே செய்திருக்க வேண்டும்.

பழைய மோட்டாரை அப்பா சொன்னபடி கத்தி முனையால் பிளந்து பார்த்தேன். பல் சக்கரங்கள் புதிது மாதிரியே இருந்தன. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசுகிற செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. காலையில் ஈரம் படிந்திருக்கும்போது கரண்ட் அந்தக் களிம்பைத் தாண்டிப் போதுமான அளவு போகவில்லை, குளிரில் கிரீஸும் கெட்டியாகியிருந்தது. மதியம் காய்ந்து சூடேறினால் ஓடியிருக்கிறது. கீழே மேட்டுப்பாளையம் போனால் இன்னும் நன்றாக ஓடியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி என்று கணக்கு வைத்தால், நாங்கள் இறங்கும் தூரத்துக்கு ஒன்பது, பத்து டிகிரி வித்தியாசம் வரும். ஜனவரியில் கடைக்காரர்கள் பார்த்தபோது முதல் மோட்டார் வேலை செய்ததில் ஆச்சரியமே இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தண்ணீர் நிற்கும் கதவைத் திறந்தும் அதைக் கவனிக்காமல் மூடியதுதான் எனக்கு வருத்தம்.

புது மோட்டாரைப் பொருத்துவதில்தான் அதிக நேரம் போனது. முதலில் கண்ணாடியை முழுதாகக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். மோட்டாரோ ஸ்க்ரூவின் முனையோ கண்ணாடி ஓடும் வழியில் இருந்தால் முதல் முறை இறக்கும்போதே உடைந்துவிடும். துளையிட்ட தகட்டுப் பட்டையை வளைத்து, மோட்டாரின் தண்டும் கதவின் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி வைத்தோம். அப்பா நாற்காலியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கொஞ்சம் உள்ள... இன்னும் நூலளவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிளாம்பை இறுக்கும் முன் இன்னொரு விஷயம். குமிழைப் பூட்டிய நிலையில் வைத்தால் தண்டு அதன் ஓட்டத்தின் கடைசியில் இருக்க வேண்டும், திறந்த நிலையில் மறு கடைசியில். நடுவில் எங்காவது பிடித்துவிட்டால் மோட்டார் பாதி தூரமே இழுக்கும், குமிழ் பாதியில் நிற்கும். வயர்களை பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம் என்று சேர்த்துவிட்டு பேட்டரியை மாட்டிப் பார்த்தால், மூன்று கதவும் பூட்டும்போது இது திறந்தது. மற்றவை திறந்தால் இது பூட்டியது. பழைய வயரிங்கில் யாரோ நிறத்தை மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஜாயிண்டை இறுக்கி டேப் சுற்றி, வயரைக் கீழே தாழ விட்டு வளைத்துக் கட்டினேன். ரப்பர் உறைக்கு மேலே சைக்கிள் ட்யூபில் ஒரு வட்டம் வெட்டி, கம்பியில் குடை மாதிரி கோத்துவிடச் சொன்னார் அப்பா. அது அவருடைய சொந்த யோசனை.

எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது இதற்கு அடுத்து வருகிறது. வேலை முடிந்த சந்தோஷத்தில் நான் கதவை மூடப்போனேன். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "மூடாத, மூடாத!" ராடில் எங்காவது தப்பாக மாட்டியிருந்தால், மூடிய கதவு உள்ளிருந்தும் திறக்காது, வெளியிலிருந்தும் திறக்காது. பேடைக் கழற்றவும் வழி இருக்காது. அதனால் கதவு திறந்திருக்கும்போதே, ஓரத்தில் தெரியும் லாக்கின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினால் அது மூடிய நிலைக்குப் போகும். டக், டக் என்று இரண்டு பல். பிறகு உள் கைப்பிடியை இழுத்தால் விட வேண்டும், வெளிக் கைப்பிடியை இழுத்தால் விட வேண்டும். பூட்டிவிட்டு இழுத்தால் விடக் கூடாது. ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்யச் சொன்னார். புது மாடல் கார்களில் மோட்டாரும் லாக்கும் ஒரே பெட்டியாக இருக்கும், கதவின் ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி முழு லாக்கையும் மாற்ற வேண்டும். அவற்றில் இந்தச் சோதனை இன்னும் கட்டாயம்.

ஷீட்டைக் கிழிந்த இடத்தில் தடித்த பாலித்தீன் துண்டு வைத்து ஒட்டினோம். ஓரத்துக் கருப்புப் பசை குளிரில் கல்லாகியிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இளகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஷீட்டின் கீழ் ஓரம் தகட்டின் வெட்டுக்குள் போக வேண்டும், வெளியே தொங்கக் கூடாது. வெடித்த பீடிங்கைப் பிறகு ஒரு நாள் மாற்றினேன்.

பேடை மாட்டுவதற்கு முன்னால் அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்துச் சுடுதண்ணீர் கொண்டுவந்தேன். கண்ணாடி மேல் ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டு இருவரும் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன் ஓட்டையில் சொட்டியது. நடு ஓட்டையில் சொட்டியது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. குனிந்து இன்னொரு முறை கம்பியை விட்டேன். ஒரு சைப்ரஸ் இலை வந்தது, அதற்குப் பின்னால் தண்ணீர். அப்பா சிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்கு இப்போதெல்லாம் நேரம் பிடிக்கும், நோய் முகத்தையும் இறுக்கிவிடுகிறது. அன்றைக்கு அது உடனே வந்தது.

இதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் போய்விட்டது. காரை சைப்ரஸ் மரத்தடியிலிருந்து எடுத்து, சுவர் ஓரம் நிறுத்துகிறோம். உறைபனி விழுந்த காலைகளிலும் அந்தக் கதவு பூட்டுகிறது. கிளம்பும்போது நான் டிரைவர் குமிழை அமுக்கிவிட்டு அப்பாவைப் பார்ப்பேன். அவர் தன் பக்கத்துக் குமிழை விரலால் தொட்டுப் பார்த்து, "ஆச்சும்மா" என்பார். பிறகுதான் கியர் போடுவேன்.

போன வாரம் அவர் வேறொன்று சொன்னார். பின்பக்க வலது கதவின் சத்தம் மற்றவற்றைவிட ஒரு நொடி பிந்தி வருகிறதாம். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் மெஷின் சத்தத்தில் அவர் காது இதுவரை தப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்கிறோம். 10ஆம் நம்பர் ஸ்பேனரையும் குடைக்கம்பியையும் அவர் இன்றைக்கே எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார்.